கையைப் பிடித்து, இடுப்பை விட்டு: 72 வயது அம்மா ஒருவரின் தசையும் கொழுப்பும்

நோயை முதலில் கண்டுபிடித்தவர் சிங்கப்பூர்த் தேக்காவில் ரவிக்கை தைப்பவர். இருபது ஆண்டுகளாக அந்த அம்மாவுக்கு அவர்தான் தைக்கிறார். 2024 பொங்கலுக்கு முன்பு அளவெடுத்துவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "கையில் அரை அங்குலம் பிடிக்கவேண்டும், இடுப்பில் ஓர் அங்குலம் விடவேண்டும். என்னம்மா, ஒரு பக்கம் இளைத்து ஒரு பக்கம் பெருத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அதைச் சிரிப்புக்கதையாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூப்பில் தசை கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு குடியேறுவதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வாக்கியத்தை நான் எந்த மருத்துவ ஏட்டிலும் படித்ததில்லை.

நான் உணவியல் ஆலோசகர். யீஷூன் வட்டாரத்தில் ஒரு துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்கு வாரம் ஒருநாள் போகிறேன். இதை எழுத அம்மாவும் குடும்பத்தாரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வந்த நிலை

வயது 72. மெர்டேக்கா தலைமுறை, அதாவது 1950களில் பிறந்த சிங்கப்பூரர். கணவர் இறந்து மூன்று ஆண்டுகள். இளைய மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழ்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு, அதற்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. மேல்வரிசையில் பொய்ப்பல்.

முந்தைய ஆண்டு நடுவில் ஒரு மருத்துவர் "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஓர் ஆப்பிள், ஒரு டம்ளர் வெந்நீர், மாலை மாத்திரை, படுக்கை. ஏழு மாதத்தில் 71 கிலோ 66.4 ஆனது. உறவுக்காரர்கள் பாராட்டினார்கள். கல்யாண வீடுகளில் "எப்படி இளைத்தீர்கள்?" என்று கேட்டு ஆப்பிள் இரகசியத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையே இரண்டு சம்பவங்கள். ஒன்று, கோயிலில் தரையில் அமர்ந்து அன்னதானம் சாப்பிட்டவரால் எழ முடியவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அதன்பின் மூன்று மாதம் அவர் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. மற்றொன்று, வீட்டெதிரே உள்ள சாலைக் கடப்பு. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை மனிதன் விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும் ஏற்பாட்டை நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் கொண்டுவந்தது. இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கிடைக்கும். அம்மா அட்டையைக் காட்டித்தான் இறங்குவார். இருந்தும் நடுவில் இருக்கும்போதே விளக்கு மின்னத் தொடங்கிவிடும். மருமகள் அவரை என்னிடம் அழைத்து வந்ததற்கு அந்தச் சாலைதான் காரணம். அம்மாவைக் கேட்டால், "கொஞ்சம் சத்து குறைவு, அவ்வளவுதான்" என்றார்.

அளவுகள்

உயரம் 151 செ.மீ., எடை 66.4 கிலோ. உடல் எடைக் குறியீடு 29.1. ஆசியர்களுக்கு 23க்கு மேல் அபாயம் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது அதிகம். சிங்கப்பூரிலும் இந்த எல்லைகளைத்தான் பின்பற்றுகிறோம். இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. ஆசியப் பெண்களுக்கு 80தான் எல்லை. இதுவரை பார்த்தால் பருமன், வேறொன்றுமில்லை. பெரும்பாலான இடங்களில் கோப்பு இங்கேயே மூடப்பட்டு, "சோற்றைக் குறையுங்கள்" என்ற வாசகத்துடன் ஆள் வெளியே வந்துவிடுவார்.

பிடிவலு அளவியைக் கையில் கொடுத்தேன். மூன்று முறை அழுத்தியதில் அதிகபட்சம் 13.5 கிலோ. தசையிழப்பு குறித்த ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த எல்லைப்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் வலுக்குறைவு. ஆண்களுக்கு 28. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவலைப்படவேண்டும். அம்மாவுக்கு 19.2 விநாடி ஆனது. நான்காவது முறை கையை ஊன்றப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். நடைவேகம் விநாடிக்கு 0.78 மீட்டர். எல்லை 1 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க இந்த வேகத்தில் 26 விநாடி வேண்டும். பச்சை மனிதன் பாவம், என்ன செய்வான்?

மின்னோட்ட முறையில் உடற்கூறு அளவிடும் கருவியில் தசைக் குறியீடு, அதாவது கைகால் தசையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, 5.5 வந்தது. இந்தக் கருவிக்குப் பெண்களின் எல்லை 5.7. கொழுப்பு 44 விழுக்காடு.

கெண்டைக்கால் சுற்றளவு மட்டும் 34 செ.மீ. காட்டியது. பெண்களுக்கு 33க்குக் கீழே போனால்தான் சந்தேகம். நாடாவை மட்டும் நம்பியிருந்தால் "தசை நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருப்பேன். பருமனானவர்களிடம் கொழுப்பு தசையின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். நாடாவுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தசையிழப்புக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை 1989இல் முன்மொழிந்தவர் இர்வின் ரோசன்பர்க். கிரேக்கத்தில் சதை, வறுமை என்ற இரண்டு சொற்களின் கூட்டு. சதைக்கு வந்த வறுமை. அந்த வறுமை பருமனுக்குள் ஒளிந்திருக்கும்போது வீட்டார் கண்ணில் படுவதில்லை. மெலிந்த கிழவியைப் பார்த்தால் ஊரே சாப்பிடச் சொல்லும். பருத்த கிழவியைப் பார்த்தால் ஊரே தட்டைப் பிடுங்கும்.

என்ன சாப்பிட்டார்

மூன்று நாள் உணவைக் கேட்டு எழுதினேன். காலை எட்டரைக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, ரசம் அல்லது சாம்பார், ஒரு பொரியல், அசைவ நாளானால் மீன்குழம்பு. மாலை நான்கு மணிக்குப் பால்டின் (இனிப்புக் கெட்டிப்பால்) போட்ட தேநீர், முறுக்கு. இரவு ஆப்பிள். இவற்றோடு, நான் இரண்டாவது முறை துருவிக் கேட்டபோது வெளிவந்த ஒன்று: அதிகாலை நான்கு மணிக்கு இனிப்புத் தேநீரும் ஆறு மேரி பிஸ்கட்டும்.

"நான்கு மணிக்கு ஏனம்மா?"

"நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது. இதைக் குடித்தால் அடங்கிவிடுகிறது. வயதானால் அப்படித்தானே."

வயதானால் அப்படி இல்லை. இரண்டு இரவு நான்கு மணிக்கு விரல் குத்திப் பார்க்கச் சொன்னேன். 3.6, 3.8 மில்லிமோல். 4க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. கிளிக்லசைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரவுச் சாப்பாடு நின்றது, மாலை மாத்திரை நிற்கவில்லை. உயிருக்கே ஆபத்தான ஒன்றை அந்த அம்மா மாதக்கணக்கில் மேரி பிஸ்கட்டைக் கொண்டு சமாளித்திருக்கிறார். அன்றே குடும்ப மருத்துவருக்கு எழுதினேன். மறுநாள் அவர் மாலை மாத்திரையை நிறுத்தினார். இரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8 விழுக்காடு. சிறுநீரக வடிதிறன் 68, சிறுநீரில் புரதக் கசிவு இல்லை. பி12 குறைவு. பல ஆண்டு மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு மாத்திரை தரப்பட்டது.

சிறுநீரகக் கணக்கைப் பார்க்காமல் நான் யாருக்கும் புரதத்தைக் கூட்டுவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் பொருந்தா. அவருடைய மருத்துவர் சொல்வதே கணக்கு.

புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு ஏறத்தாழ 30 கிராம். ஒரு கிலோ எடைக்கு அரை கிராம்கூட இல்லை. மூத்தோருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது 2013இலிருந்து வல்லுநர் குழுக்கள் சொல்லிவருவது. நோயுற்றவர்களுக்கு இன்னும் அதிகம். எந்த எடையை வைத்துப் பெருக்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே சச்சரவு உண்டு. 66 கிலோவை வைத்தால் 79 கிராம் வரும், கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போட்டதுபோல் ஆகும். குறியீடு 23 வரும் எடையை வைத்தால் 63 கிராம். நான் இடையில் நின்று 65 என்று வைத்துக்கொண்டேன்.

மொத்தக் கணக்கை விட முக்கியம், அது எந்த வேளையில் வருகிறது என்பது. முதிய தசைக்குக் காது மந்தம். மெல்லக் கூப்பிட்டால் திரும்பாது. இளம் வயதில் ஒரு வேளைக்கு 15, 20 கிராம் புரதம் வந்தாலே தசை கட்டும் வேலை தொடங்கிவிடும். எழுபதில் அதே வேலைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஒரே அமர்வில் வேண்டும். அம்மாவின் காலை இட்லியில் 5, மதியம் 15, தேநீரில் 5, இரவு ஒன்றுமில்லை. நாள் முழுவதும் ஒருமுறைகூட யாரும் உரக்கக் கூப்பிடவில்லை.

முதல் திட்டம், என் தவறு

நான் போட்ட முதல் திட்டம் தாளில் அழகாக இருந்தது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு: பாதி காய்கனி, கால் முழுதானியம், கால் புரதம். கோழி நெஞ்சுக்கறி, முட்டை, தயிர், புரதப் பொடி. எதை எத்தனை கிராம் என்பதெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அம்மா தாளை இரண்டாக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒன்றும் மாறவில்லை. எடை அதே, பிடிவலு அதே. "சாப்பிட்டீர்களா அம்மா?" என்றால், "சாப்பிட்டேன்" என்பார். எப்படி என்று கேட்டால் பேச்சு பேரனின் பள்ளிக்குப் போய்விடும். பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தை என் மேல் திருப்பியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் திட்டம் போட்டிருந்தேன்.

மருமகள்தான் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "அத்தை செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் சைவம். கார்த்திகை, அமாவாசையும் உண்டு. முட்டைகூடத் தொடமாட்டார். உங்கள் தாளில் உள்ளதை மாதத்தில் பாதி நாள் செய்ய முடியாது. அதைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்களாம்."

தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த நான் விரத நாளைக் கேட்க மறந்திருக்கிறேன். பாடப்புத்தகம் தலையில் ஏறினால் வீடு இறங்கிவிடும் போலிருக்கிறது.

சமையலறை

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சமையலறை ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லப்போவதில்லை, பார்க்க மட்டும் வந்தேன் என்றேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் கற்றது மூன்று வார ஆலோசனையில் கற்றதைவிட அதிகம்.

சாம்பார் வைத்தார். துவரம்பருப்பை ஒரு சிறு டம்ளரில் அளந்து போட்டார். நான் கொண்டுபோயிருந்த தராசில் 80 கிராம். ஆறு பேருக்கு. பருப்பில் புரதம் ஏறத்தாழ 22 விழுக்காடு, மொத்தம் 18 கிராமுக்குக் கீழே, ஆளுக்கு மூன்றுகூட இல்லை. "நாங்கள் தினமும் பருப்பு சாப்பிடுகிறோம்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சாம்பாரில் பருப்பைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கவேண்டும். சைவ வீடுகளில் இந்த ஏமாற்றம் பரவலானது. பெயரில் பருப்பு இருக்கும், கரண்டியில் புளித்தண்ணீர் வரும்.

பிறகு பரிமாறினார். பேரன், பேத்தி, மகன், மருமகள், வீட்டில் வேலை செய்யும் மியன்மார்ப் பெண், எல்லாருக்கும் பிறகு தனக்கு. ஆறிய சோறு, அடியில் மிஞ்சிய பொரியல். அசைவ நாளிலும் இப்படித்தானா என்று கேட்டேன். "துண்டு மீன் பிள்ளைகளுக்கு. எனக்குக் குழம்பு போதும். குழம்பில்தானே சத்து இறங்கியிருக்கிறது?" என்றார். இறங்கவில்லை. குழம்பில் இறங்குவது ருசியும் உப்பும் எண்ணெயும். புரதம் துண்டோடுதான் தட்டுக்கு வரும்.

அவர் சாப்பிடுவதையும் பார்த்தேன். பொரியலில் இருந்த கொத்தவரங்காயை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கி, நாக்கால் பொய்ப்பல்லை மேலே தள்ளிப் பிடித்து, மென்று, பாதியை எடுத்துத் தட்டோரம் வைத்தார். எடை குறைந்ததில் ஈறும் சுருங்கி, பல் தளர்ந்துவிட்டது. கோழிக்கறி ஏன் வேண்டாம் என்கிறார் என்பதற்கு அது போதும். மாதக்கணக்கில் இதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, "இந்த வயதில் பல்லுக்குச் செலவா" என்று. மெர்டேக்கா தலைமுறைக்குச் சாஸ் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் பல் மருத்துவத்துக்கு உதவித்தொகை இருக்கிறது, பொய்ப்பல்லுக்கும் சேர்த்து. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. பயன்படுத்தத் தோன்றவில்லை.

புரதப் பொடி டின் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்தது. ஒருமுறை கலக்கிக் குடித்ததில் வயிறு உப்பி நாள் முழுவதும் அவதிப்பட்டதாக வேலைப்பெண் சைகையில் விளக்கினார். மீதியைப் பேரன் மைலோவில் போட்டுக் குடிக்கிறான். நல்ல வேளை, அது வீணாகவில்லை.

இரண்டாவது திட்டம்

இந்த முறை தாள் இல்லை. அந்தச் சமையலறையில் ஏற்கெனவே தெரிந்த பலகாரங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். சில விதிகளை அம்மாவே சொன்னார், நான் கணக்கை மட்டும் பார்த்தேன்.

காலைதான் மாறவேண்டிய முதல் வேளை என்பதில் நான் விடாப்பிடியாக இருந்தேன். சைவ நாளில் இட்லிக்குப் பதில் அடை. கடலைப்பருப்பு, துவரை, பாசி, உளுந்து என்று பருப்பு மூன்று பங்கு, அரிசி ஒரு பங்கு. அவருடைய தாயார் செய்ததில் அரிசி பாதிக்கு மேல் இருக்குமாம், நாங்கள் அதைக் கவிழ்த்தோம். ஒரு ஆளுக்கு 60 கிராம் பருப்பு. இரண்டு அடை, கூடவே இனிக்காத சோயா பால் ஒரு குவளை. 22 கிராம் புரதம் வரும். சோயா பாலில் பாற்சர்க்கரை இல்லாததால் வயிறும் உப்பவில்லை. அசைவ நாளில் இரண்டு முட்டைப் பொடிமாஸ், ஒரு தோசை, அதே சோயா பால். முட்டையின் மஞ்சளை எறியச் சொல்லவில்லை. புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மஞ்சளில்தான் இருக்கிறது.

மதியம் மீன். ஆனால் துண்டாக அல்ல, புட்டாக. சுறாப்புட்டு என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. சுறாவில் பாதரசம் அதிகம், அதனால் ஈரச்சந்தையில் பாத்தாங் (வஞ்சிர வகை மீன்) வாங்கச் சொன்னேன். வேகவைத்து முள் எடுத்து, உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு போட்டுக் கிளறினால் பல்லே இல்லாதவரும் சாப்பிடலாம். பேரனுக்கு அது பிடிக்காது என்பது எதிர்பாராத இலாபம். துண்டு அவனுக்கு, புட்டு பாட்டிக்கு. அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சைவ நாள் மதியத்துக்குத் தௌக்வா. நம் சந்தைகளில் எங்கும் கிடைக்கும் கெட்டியான சோயாக்கட்டி, 100 கிராமில் ஏறத்தாழ 13 கிராம் புரதம். அதைச் சிறு சதுரமாக வெட்டி, மிளகு சீரகம் தூவி, தோசைக்கல்லில் புரட்டினால் அசல் பன்னீர் வறுவல்போல் இருக்கும், விலை பாதியும் இல்லை. தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக்கட்டியில் புரதம் இன்னும் அதிகம், ஆனால் அந்த வாடை அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் முயன்று விட்டுவிட்டோம்.

சாம்பாரில் பருப்பு 80இலிருந்து 160 கிராம் ஆனது. "இது சாம்பார் இல்லை, பருப்புக் கடைசல்" என்று மகன் குறைப்பட்டார். பத்து நாளில் பழகிவிட்டார்.

நான்கு மணிக்கு முறுக்கு போய்ச் சுண்டல் வந்தது. தேநீர் நின்றுவிடவில்லை. காப்பிக்கடையில் 'தே சி கொசோங்' என்று கேட்கச் சொன்னேன், சர்க்கரையும் பால்டினும் இல்லாமல். வீட்டிலும் அப்படியே. நாளுக்கு இரண்டு இனிப்புத் தேநீர், பிஸ்கட், முறுக்கு, இவற்றை எடுத்ததில் 300 கலோரி அளவுக்குத் தானாகக் குறைந்தது. அதற்கு மேல் நான் குறைக்கவில்லை. இரவுச் சாப்பாடு ஆறரை மணிக்குத் திரும்பி வந்தது: கெட்டிப்பருப்பு, காய், ஓர் அகப்பை சோறு.

சோறு. அதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் நீரிழிவுள்ள தமிழ்ப் பாட்டிகள் சோற்றைப் பார்ப்பது, குற்றவாளியைப் பார்ப்பதுபோல. தின்றுவிட்டு அழுவார்கள், தின்னாவிட்டால் பெருமைப்படுவார்கள். நான் சோற்றைத் தடைசெய்யவில்லை. இரண்டு அகப்பையை ஒன்றாக்கி, வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் புட்டோ தௌக்வாவோ, பிறகு காய், கடைசியில் சோறு. புரதமும் காயும் முதலில் இறங்கினால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். "விருந்தாளியை முதலில் உட்கார வைப்பதுபோல" என்று அம்மா தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார்.

சாப்பாடு மட்டும் போதாது. புரதம் செங்கல், கொத்தனார் வேறு. வெறும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வில்லரியலும் குழுவினரும் பருமனான மூத்தோர் 107 பேரிடம் ஓராண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. உணவு மட்டும் குறைத்தவர்கள் தசை முதலான கொழுப்பற்ற உடற்பகுதியில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். உடற்பயிற்சியும் சேர்த்தவர்கள் இழந்தது 3. இடுப்பெலும்பின் அடர்த்தியில் முன்னவர்கள் இழந்தது 3, பின்னவர்கள் 1. ஆப்பிள் விரதத்தில் அம்மா இழந்த நாலரை கிலோவில் எத்தனை தசை என்று எனக்கு அளக்க வழியில்லை, தையல்காரரின் நோட்டைத் தவிர.

நிலையத்தில் வாரம் இருமுறை எடைப்பயிற்சி. முதல்நாள் வாசலோடு திரும்பிவிட்டார். உள்ளே எல்லாம் சீனத்தில் பேசுகிறார்கள், ஆண்களும் இருக்கிறார்கள். 1990இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதுக்காரர்கள் எட்டு வாரம் கனமான எடைப்பயிற்சி செய்து, கால் வலுவை ஒன்றுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் ஆக்கிக்கொண்ட கதையைச் சொன்னேன். "அவர்கள் வெள்ளைக்காரர்கள், கறி தின்று வளர்ந்தவர்கள்" என்றார். ஆய்வு தோற்றது. ஜெயித்தது மலாய் மொழி. இரண்டாவது முறை போனபோது, பக்கத்தில் ரப்பர்ப் பட்டையை இழுத்துக்கொண்டிருந்த சீனப் பாட்டி கம்பத்து (கிராமத்து) மலாயில் ஏதோ கேட்க, அம்மா அதே மலாயில் பதில் சொல்ல, இருவருமே பழைய செம்பவாங் பக்கம் வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. அதற்குப் பின் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பாட்டி வாசலில் வந்து அழைத்துப் போகிறார். வீட்டில் தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் பத்து முறை நாற்காலியில் எழுந்து உட்காருவது. பிறகு கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள்.

பொய்ப்பல் ஐந்தாவது வாரத்தில் மாற்றப்பட்டது. கோழிக்கறி ஏழாவது வாரத்தில் தட்டுக்குத் திரும்பியது.

பன்னிரண்டாவது வாரம்

எடை 65.6. முக்கால் கிலோதான் குறைந்திருந்தது. அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆப்பிள் காலத்தில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ அவ்வளவு குறைந்ததே! நாடாவை எடுத்தேன், இடுப்பு 96இலிருந்து 92. பிடிவலு 15.8. நாற்காலி 14.1 விநாடி. அதிகாலை வியர்வை நின்றுபோயிருந்தது. தராசு மௌனமாக இருந்த இடத்தில் மற்றவை எல்லாம் பேசின. இருந்தாலும் தராசின் எண்ணைத்தான் அவர் மகனிடம் தொலைபேசியில் சொன்னார்.

டெங்கி

ஜூன் மாதம் டெங்கிக் காய்ச்சல். ஒன்பது நாள் படுக்கை. வீட்டில் வழக்கப்படி வெறும் கஞ்சி கொடுத்தார்கள், மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆரோக்கியமான மூத்தோரையே பத்து நாள் படுக்கவைத்த ஓர் ஆய்வில் காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. நோயோடு படுத்தால் கேட்கவே வேண்டாம். கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை, அதில் பாசிப்பருப்பைச் சரிபாதி சேர்க்கச் சொன்னேன். காய்ச்சல் விட்டதும் முட்டையை அடித்து ஊற்றினார்கள். எழுந்து வந்தபோது பிடிவலு 14.0. மூன்று மாத உழைப்பில் பெரும்பங்கு ஒன்பது நாளில் போய்விட்டது. அம்மாவை விட எனக்குத்தான் அதிகம் மனம் உடைந்தது. அவர், "போனது வரும். நீ அந்தப் போத்தலை எடு" என்றார்.

இன்றைய நிலை

ஆகஸ்ட் இறுதியில், அதாவது தொடங்கி ஏறத்தாழ 24 வாரத்தில், எடை 64.9. இடுப்பு 90. பிடிவலு 16.9, இன்னும் 18ஐ எட்டவில்லை. நாற்காலி 11.6 விநாடி, முதல்முறையாக எல்லைக்கு உள்ளே. நடைவேகம் 0.96 மீட்டர், அதாவது அதே 20 மீட்டர்ச் சாலைக்கு 21 விநாடி. மூன்று மாதச் சர்க்கரை 7.2, மாலை மாத்திரை இல்லாமலேயே. தசைக் குறியீடு 5.6. இந்த 0.1 உயர்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று காலை கூடுதலாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாலும் கருவி அப்படிக் காட்டும். உணவு, பயிற்சி, பல், பி12, மாத்திரை மாற்றம் எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன, எதனால் எவ்வளவு என்று இந்த ஒருவரை வைத்துப் பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால் பல்லுக்குப் பாதிப் பங்கு கொடுப்பேன்.

அவர் இன்னும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அதை மாற்ற முடியவில்லை. மருமகள் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் அத்தையின் புட்டை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுகிறார்.

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கிறது. மாதம் முழுவதும் சைவம், சனிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் என்பது அவருடைய நாற்பது ஆண்டு வழக்கம். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, சொன்னாலும் கேட்கப்போவதில்லை. மாதம் முழுவதும் காலையில் அடை, மதியம் தௌக்வா. சனிக்கிழமை மட்டும்தான் இழுபறி. கடைசியில், காலையில் பெருமாளுக்குப் படைத்த சுண்டலும் சோயா பாலும் விரதத்தை முறிக்காது என்று அவரே முடிவு செய்தார். அன்றைய காலை மாத்திரைக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட்டோம். "அடைக்கு வெங்காயம் போடக்கூடாது, அந்த மாதம்" என்று மட்டும் எனக்கு நினைவூட்டினார். அடுத்த அளவெடுப்பு தீபாவளி முடிந்து, நவம்பரில்.